கயிறு கட்டிக்கொண்டவள்

"இந்தப் புள்ளைக்கு இன்னா கோளாறு?" என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் எனக்கு வாயைத் திறக்கவே அலுப்பாக இருக்கிறது. பஸ்ஸில் கேட்கிறார்கள், ரேஷன் கடை வரிசையில் கேட்கிறார்கள், டீ ஆற்றிக்கொண்டே கேட்கிறார்கள். உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களில், வளர்ச்சி பின்தங்கிய சின்னக் குழந்தைகளின் வீடுகளுக்குப் போய்ப் பயிற்சி கொடுப்பது என் வேலை. காது கேட்காத பிள்ளை என்றால் ஒரு வரியில் சொல்லிவிடலாம். கால் வராத பிள்ளை என்றால் சொல்லவே வேண்டாம், பார்த்தாலே தெரியும். ஆனால் தாய் வயிற்றில் இருக்கும்போது தாய் குடித்த மது, பிள்ளையின் மூளைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதை எப்படிச் சொல்வது? யாரிடம் சொல்வது?

அப்பன் குடித்ததால் வந்தது என்றால் தெருவே தலையாட்டும். அதைச் சொல்வதில் ஊருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அம்மா என்றால் உடனே, "எங்க ஊர்ல பொம்பளைங்க அதெல்லாம் தொடவே மாட்டாங்க டீச்சர்." உண்மைதான், முக்கால்வாசிப் பேர் தொடமாட்டார்கள். மீதிப் பேர் தொடுவதற்குக் குடி என்று பெயரில்லை. நாள் முழுக்கச் சேற்றில் குனிந்து நாற்று நட்டுவிட்டு வந்தால் இடுப்பு வலிக்கு ஒரு மடக்கு. மழைக்காலத்துச் சளிக்கு ஒரு மடக்கு. பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்குக் கொஞ்சம் பிராந்தி. அதெல்லாம் மருந்து. மருந்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

நான் சொல்லப்போகிற பெண் மானாம்பதிப் பக்கத்து ஊர்க்காரி. சொந்த நிலம், போர் செட், இரண்டு கறவை மாடு உள்ள குடும்பம். அவளுடைய மகளை நான் முதலில் பார்த்தபோது குழந்தைக்கு நாலு வயது. பார்வைக்கு இரண்டரை வயதுதான் சொல்லலாம். சின்னச் சின்னக் கண்கள், எலும்பும் தோலுமாகக் கைகால். நான் வண்டியை நிறுத்துவதற்குள் ஓடி வந்து என் முழங்காலைக் கட்டிக்கொண்டது. பாசம் என்று நினைத்துவிடக் கூடாது. பால்காரர் வந்தாலும் கட்டிக்கொள்ளும், கரண்ட் பில் எடுக்க வந்தவரையும் கட்டிக்கொள்ளும், பஸ்ஸில் யார் மடி காலியாக இருந்தாலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். யார் நம் மனிதர், யார் வேற்றாள் என்கிற பிரிவே அதற்கு இல்லை.

மறதிதான் பெரிய பிரச்சனை. இன்றைக்குச் சிவப்பு எது என்று அழகாகக் காட்டும். நாளைக்குப் போய்க் கேட்டால் என் முகத்தையே பார்க்கும், அப்படி ஒரு சொல்லையே கேட்டிராத மாதிரி. அம்மாக்காரிக்கு இது திமிராகத் தெரிந்தது. "நேத்து தெரிஞ்சிது, இன்னிக்கு தெரிலன்னா இன்னா அர்த்தம் டீச்சர்? வேணும்னே பண்ணுது" என்பாள். என் கண் முன்னாலேயே முதுகில் ஒன்று வைப்பாள். குழந்தை அழும், அழுகை முடிந்ததும் அதே தப்பைத் திரும்பச் செய்யும். அடித்தது ஏன் என்பதும் அதற்கு மறந்து போயிருக்கும்.

"அடிச்சி ஒண்ணும் ஆவாதும்மா. அதுக்கு ஒரு தடவைக்கு ஒரு வேலைதான் சொல்லணும். 'போய் சொம்ப எடுத்துக்கினு வந்து தண்ணி மொண்டு ஊத்து'ன்னா அது மூணு வேலை. சொம்ப எடுன்னு சொல்லு. எடுத்தப்பறம் அடுத்தது. தெனமும் அதே வார்த்த, மாத்திச் சொல்லாத."

"எனக்கு வேற வேலையே இல்லியா? பேஜாரா கீது டீச்சர்."

"எனக்கும்தான் பேஜாரா கீது. சொல்லு, சொம்ப எடு."

இப்படித்தான் ஒரு வருஷம் ஓடியது. சிரிக்காதீர்கள், ஒரு வருஷத்தில் சொம்பு வந்தது. தண்ணீர் வரவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். குழந்தை டாக்டர் நல்ல மனிதர், அவசரப்படுத்தவில்லை. குழந்தையின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தலையை அளந்தார், எடை போட்டார். பிறகு அம்மாவிடம் தணிந்த குரலில், மாசமாக இருந்தபோது ஏதாவது குடிக்கிற பழக்கம் இருந்ததா என்று கேட்டார். "அய்யோ, அதெல்லாம் இல்ல சார்" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். சந்தேகம் எனக்கும் இருந்தது, நான் சுவரைப் பார்த்தேன். தாய் வாயால் வந்தால் ஒழிய அவர் என்னதான் எழுத முடியும்? வளர்ச்சிக் குறைவு என்று எழுதிக் கொடுத்தார்.

அவள் என்னிடம் சொன்னது அதற்கப்புறம் பல மாதம் கழித்து. வேர்க்கடலை பிடுங்கிப் போட்டு, களத்தில் உட்கார்ந்து செடியிலிருந்து காயை ஆய்ந்துகொண்டிருந்தோம். நானும் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் கை கொடுத்தேன். குழந்தை பக்கத்தில் மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டிருந்தது.

"அந்த டாக்டரு கேட்டாரே" என்றாள், நிமிராமல். "குடிச்சேன் டீச்சர். தெனமும்."

நான் அடுத்த செடியைக் கையில் எடுத்தேன். பேசினால் நிறுத்திவிடுவாள்.

"வூட்டுக்காரரு தனியா குடிச்சா கை நீளும். ஏதோ ஒண்ண வெச்சி ஆரம்பிச்சிருவாரு, சோறு கொழஞ்சிபோச்சி, கதவு சாத்தல, ஏதாவது. நான் கூட ஒக்காந்துகினு ஒரு கிளாஸ் வாங்கிக்கினா அன்னிக்கு சிரிச்சிக்கினு இருப்பாரு. பாட்டு கூட பாடுவாரு. மொதல்ல மூக்க புடிச்சிகினுதான் குடிச்சேன். அப்பறம் அது இல்லாம எனக்கும் தூக்கம் வரல. நாலு மாசம் வரைக்கும் வயித்துல புள்ள கீதுன்னே தெரியாது. தெரிஞ்சப்பறமும் வுடல. கொஞ்சமாத்தான குடிக்கிறோம்னு நெனச்சிகினேன்."

இந்த வேலைக்கு வந்த புதிதில் இப்படிப்பட்ட கணவன்கள் எல்லாரும் கொம்பு முளைத்தவர்கள் என்று நினைத்திருந்தேன். இந்த ஆள் அப்படியும் இல்லை. குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ஏரிக்கரை வரைக்கும் நடப்பார், நான் போனால் இளநீர் வெட்டிக் கொடுப்பார், டீச்சர் என்று எழுந்து நிற்பார். சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் தங்கமான மனிதர். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும். ஒரேயடியாகக் கெட்டவராக இருந்தாலாவது திட்டிவிட்டு வரலாம்.

"வெளிய சொல்ல வாணாம் டீச்சர்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது? டாக்டரிடம் மட்டும் சொல்லலாம் என்று சம்மதித்தாள். ஊருக்கு வேறு காரணம் ஏற்கனவே தயாராக இருந்தது. அவள் மாசமாக இருந்தபோது வந்த கிரகணத்தன்று, மாட்டைக் கட்ட வாசலுக்கு வந்துவிட்டாளாம். அந்த நிழல் பட்டுத்தான் பிள்ளை இப்படி ஆகிவிட்டதாம். இதைத் தெருவெல்லாம் பரப்பியது அவளுடைய நாத்தனார், அதாவது கணவனின் அக்கா. அதே தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கிறார். "படிச்சி படிச்சி சொன்னேன், கெரகணம் வுடற வரைக்கும் வெளிய வராதடின்னு. கேட்டாளா?" என்று என்னிடமே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். இவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். கிரகணத்தில் வெளியே வந்தவள் கவனமில்லாதவள், அவ்வளவுதான். மன்னித்துவிடலாம். அந்தத் திட்டுக்குள் அவள் பத்திரமாக இருந்தாள்.

மகளுக்கு ஆறு வயது நடக்கும்போது அவள் மறுபடியும் மாசமானாள்.

என்னிடம் சொன்ன அன்று காலையிலேயே அவளிடம் அந்த வாடை அடித்தது. எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் அடங்கவில்லை. அம்மாமார்களிடம் எப்படிப் பேச வேண்டும், குற்றம் சொல்லாமல் எப்படிக் கேட்க வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். அதெல்லாம் காற்றில் போய்விட்டது. "ஒரு புள்ளையோட நீ படற பாடு போதாதா? நான் படற பாடு போதாதா?" என்று மாட்டுக் கொட்டகையில் நின்று கத்தினேன். மாடு மிரண்டு எழுந்தது. அவள் சாணிக் கூடையைக் கீழே வைத்தாள்.

"கத்துங்க டீச்சர். ஆறு மணிக்கு நீங்க இங்க இருப்பீங்களா?"

ஆறு மணிக்கு நான் உத்திரமேரூரில் என் வீட்டில் அரிசி களைந்துகொண்டிருப்பேன்.

மறுநாளே டாக்டரிடம் போனோம். இந்த முறை அவளே வாயைத் திறந்து சொன்னாள். டாக்டர் திட்டவில்லை. இத்தனை நாள் பழகின உடம்பு, தானாகத் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வந்தாலும் வரும், வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து என்று சொல்லி, ஆஸ்பத்திரியிலேயே தங்கவைத்து நிறுத்தவைத்தார். இப்போது நிறுத்தினால்கூட நல்லதுதான், இன்னும் காலம் கடந்துவிடவில்லை என்று அவளிடம் சொன்னார். ரத்தம் குறைவு என்று வீட்டில் சொல்லிக்கொண்டோம். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. வாராவாரம் போய்க் காட்டினாள், கொடுத்த மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டாள். உடம்பு அதை மறந்துவிட்டது. ஆனால் ஆறு மணி ஆறு மணியாகவேதான் இருந்தது.

அவர் கிளாஸை நீட்டுவார். வேண்டாம் என்றால், "இன்னா, பெரிய மனுஷி ஆயிட்டியா?" என்று ஆரம்பிப்பார். இரண்டு தரம் அடி விழுந்தது. ஒரு தரம் வயிற்றுக்குக் கையை அணை கொடுத்துத் தோளில் வாங்கினாள். அடுத்த அடி எங்கே விழும் என்று யார் கண்டது? அவருக்கும் புத்தி சொன்னேன், ஆறு மணிக்கு முன்னால். "சத்தியமா இனிமே இல்ல டீச்சர்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஆறு மணிக்கு அந்தச் சத்தியம் அவருக்கு ஞாபகம் இருக்காது. அம்மா வீட்டுக்குப் போய்விடு என்றேன். அம்மா இல்லை, அண்ணி இருக்கிறாள், இந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போனால் இரண்டு நாள் தாங்க மாட்டாள் என்றாள். அடித்தால் போன் பண்ணு, போலீசைக் கூப்பிடலாம் என்றேன். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அடிக்குப் பயந்து அவள் மறுபடி கிளாஸை வாங்கிக்கொள்ளப்போவது எனக்குத் தெரிந்துவிட்டது. இன்றைக்கா நாளைக்கா என்பதுதான் தெரியவில்லை.

அப்போதுதான் அவள் சொன்னாள்: "நான் கயிறு கட்டிக்கிறேன் டீச்சர்."

எங்கள் பக்கத்தில் குடியை விட நினைக்கிறவர்கள் சாமி முன்னால் கயிறு கட்டிக்கொள்வார்கள். ரோட்டோரம் வயல் நடுவில் ஒரு முனீஸ்வரன் கோயில் இருக்கிறது. பூசாரி, எத்தனை மாதத்துக்கு என்று கேட்டு, கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் வாங்கி, மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டுவார். அந்தக் கெடு முடிகிற வரைக்கும் அந்தக் கை கிளாஸைத் தொடாது. தொட்டால் ரத்தவாந்தி என்பார்கள். அதைவிடப் பெரிய விஷயம், கயிறு கட்டினவனுக்கு வேறு யாரும் ஊற்றிக் கொடுக்க மாட்டார்கள். ஊற்றினவன் குடும்பத்தையும் சாமி சும்மா விடாது. குடிகாரக் கூட்டாளிகள்கூட, "கயிறு கட்டிகீறான், வுட்ரு" என்று விலகிக்கொள்வார்கள்.

அதாவது அவள் தன் கையைக் கட்டுவதற்காகக் கேட்கவில்லை. அவர் கையைக் கட்டுவதற்காகக் கேட்டாள்.

"நான் சொன்னா கேக்காத ஆளு, இதுக்குக் கேப்பாரா?"

"முனீஸ்வரன்னா பயப்படுவாரு. அவங்க நைனா கயிறோட குடிச்சிட்டுத்தான் செத்தாரு. கண்ணால பாத்துகீறாரு."

நான் படித்த படிப்புக்கு முனீஸ்வரனிடம் போய் நிற்பதா என்று ஒரு பக்கம் கசந்தது. ஆனால் அதில்லை பெரிய சங்கடம். அந்தக் கயிறு ஆண்கள் கட்டிக்கொள்வது. பெண்டாட்டிமார்கள் கணவனை இழுத்துக்கொண்டு போய்க் கட்டிவிடுவார்கள். ஒரு பெண் தன் கையில் கட்டிக்கொண்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். மூத்த பெண் ஏன் அப்படி இருக்கிறாள் என்று இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் பதில் கிடைத்துவிடும்.

"தெரிஞ்சிதான் சொல்றியா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சிதான்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளை வண்டியில் பின்னால் உட்கார வைத்து, மகளை முன்னால் நிறுத்திக்கொண்டு போனேன். கோயிலில் ஏழெட்டு ஆண்கள் ஈர வேட்டியோடு வரிசையில் நின்றிருந்தார்கள். பாதிப் பேருக்கு அப்போதே கை நடுங்கிக்கொண்டிருந்தது. வரிசையில் மூன்றாவது ஆள் அவள் தெருக்காரர். எங்களைப் பார்த்ததும் சிரித்து, "இன்னா, உங்க வூட்டுக்காரருமா? எங்க, ஆள காணோம்?" என்றார். கூட்டாளி கிடைத்த சந்தோஷம் அவருக்கு. அவள் கால் நின்றுவிட்டது. இந்த ஆள் கயிறு கட்டிக்கொண்டு ஊருக்குள் போய்ச் சேர்வதற்குள் போனிலேயே சேதி போய்ச் சேர்ந்துவிடும். திரும்பிவிடலாமா என்று நான் கேட்கவில்லை, ஆனால் வண்டிச் சாவி என் கையில்தான் இருந்தது. அவள் போய் வரிசையின் கடைசியில் நின்றாள்.

அவள் முறை வந்தபோது பூசாரி நிமிராமலே, "ஆள் வராம கட்ட முடியாதும்மா. வூட்டுக்காரர இட்டுக்கினு வா" என்றார்.

"அவருக்கு இல்லைங்க. எனக்கு."

பூசாரி நிமிர்ந்தார். பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். தெருக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், பிறகு என் காலைக் கட்டிக்கொண்டு நின்ற பெண்ணைப் பார்த்தார். அந்தப் பார்வை போன வழியை நானும் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"எத்தினி மாசத்துக்கு?" என்றார் பூசாரி.

"கொயந்த பொறக்கற வரைக்கும்."

நான் பின்னாலிருந்து, "பால் மறக்கற வரைக்கும்னு சொல்லு" என்றேன். பிள்ளை பெற்றதும் பிராந்தியோடு யார் வந்து நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவள் அப்படியே சொல்லி, எரிகிற கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை அடித்தாள். பூசாரி இரண்டு முடிச்சுப் போட்டார். பெண் பிள்ளைக்கு இடது கையா வலது கையா என்று அவருக்கே ஒரு நிமிஷம் குழப்பம்.

நாங்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் நாத்தனார் வாசலில் நின்றிருந்தார். அவர் வாயைத் திறந்தால் தெரு கேட்கும், தெரு கேட்டது. "கெரகணம் கெரகணம்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேனே, என்ன பைத்தியக்காரி ஆக்கிட்டியேடி. எங்க வூட்டுப் புள்ளைய குடிச்சே கெடுத்தியா நீ?" கணவர் உள்ளேயிருந்து வந்தார். கயிற்றைப் பார்த்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை, நான்தான் ஊத்தினேன் என்று ஒரே ஒரு வார்த்தை. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வயல் பக்கம் போய்விட்டார்.

"ஊத்திக் குடுத்தது யாருன்னு உங்க தம்பியக் கேளுங்க" என்று நான்தான் கத்தினேன். அதற்கு நாத்தனார், "ஆம்பள குடிக்கத்தான் செய்வான்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆனால் அவள் கணக்கு தப்பவில்லை. அவர் அதற்குப் பிறகு அவள் முன்னால் கிளாஸை வைக்கவில்லை. அந்தக் கை மேல் கை ஓங்கவும் பயந்தார். குடியை விட்டாரா என்றால் இல்லை. போர் செட் கொட்டகையில் குடித்துவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டார். அவளோடு பேச்சையும் விட்டுவிட்டார். தெருவில் காது குத்து, மஞ்சள் நீராட்டு என்று எதற்கும் அவளைக் கூப்பிடவில்லை. குழாயடியில் அவள் வந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். நான் போகும் நாட்களில் பேச ஆள் கிடைத்த மாதிரி ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள், பெரும்பாலும் மாட்டைப் பற்றி. எனக்கு அந்த வீட்டுக்குப் போகவே கால் வராது. போனேன்.

தாலுகா ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. நான் நினைத்த மாதிரியே நாத்தனார் முந்தானைக்குள் பிராந்தி கொண்டு வந்தார். என்ன இருந்தாலும் பச்சை உடம்பு அல்லவா. இவள் கையைத் தூக்கிக் காட்டினாள். அவர் அதை மறுபடி முந்தானைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்தபின் ஒரு நாள் சாயங்காலம் போய்ப் பார்த்தேன். "பாருங்க டீச்சர்" என்று குழந்தையை மடியில் கொடுத்தாள். நான் என்ன பார்ப்பேன் என்று அவளுக்குத் தெரியும். கண்ணைப் பார்த்தேன், மூக்குக்குக் கீழே உதட்டுக்கு மேலே இருக்கிற பள்ளத்தை விரலால் தடவினேன். வயிற்றிலேயே மது பட்ட பிள்ளைகளுக்கு அந்த இடம் தட்டையாக இருக்கும், பெரியவளுக்கு அப்படித்தான்; இதற்குப் பள்ளம் தெளிவாக இருந்தது. நல்ல எடை. என் சுட்டு விரலை விடாமல் பிடித்துக்கொண்டது. முகத்தைப் பார்த்து எல்லாம் சொல்லிவிட முடியாது, ஆரம்பத்தில் கொஞ்ச நாள் குடித்திருக்கிறாய், வளர வளரப் பார்க்கணும், நான் வந்துகொண்டுதான் இருப்பேன், ஆனால் இப்போதைக்கு எல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன். சந்தோஷமாகச் சொல்ல வேண்டிய விஷயத்தையும் நான் இப்படித்தான் சொல்கிறேன்.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். குழந்தையின் உதட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ பெரியவளும் இப்பிடித்தான பொறந்திருப்பா?"

மூன்று வருஷமாக இதற்கு வளைத்து வளைத்துப் பதில் சொல்ல எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாமல் நடந்தது, உன் ஒருத்தி தப்பு இல்லை, நடந்ததை விடு. எல்லாம் உண்மைதான். ஆனால் அவள் கேட்டது அது இல்லை.

"ஆமாம்மா" என்றேன்.

"செரி" என்றாள். அழவில்லை. வெளியே பெரியவள் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு, ஏன் நடக்க முடியவில்லை என்று புரியாமல் நின்றுகொண்டிருந்தாள். இவள் எழுந்து போய் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "மொதல்ல இத கயட்டு" என்றாள். அது கழற்றுகிற வரைக்கும் காத்திருந்தாள்.